சின்ன, நடுத்தரத் தொழில்களுக்கு இன்டர்நெட் போன் விற்பது எப்படி: கோவைப் பக்கத்து அனுபவத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கோவை சத்தி ரோட்டில் ஒரு பம்ப்செட் சர்வீஸ் கடை. வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார்கள், உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் பழைய லேண்ட்லைன் ஒன்று, பட்டன் மொபைல் இரண்டு, ஒரு லாங் சைஸ் நோட்டு. அங்கே உட்கார்ந்திருந்த அக்கா ஒரு மொபைலைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கம்ப்ளெயின்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மொபைல் அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது. அவர் அதை முழங்கையால் உள்ளே தள்ளிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். அதே நேரத்தில் முதலாளி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களுக்கு எதுக்குங்க தம்பி புது போனு? வர்ற போனெல்லாம் எடுத்துர்றோமுங்க."

அந்த முழங்கை தள்ளிவிட்டதே, அந்த அழைப்பு, அதுதான் நாம் விற்கப்போவது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சில வருஷமாக இன்டர்நெட் போன், அதாவது இணையம் வழியாக அழைப்பைக் கொண்டுபோகும் சிஸ்டங்களை விற்று, போட்டுக்கொடுத்து, பழுதும் பார்த்து வருகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், கம்ப்யூட்டர் சர்வீஸ் அல்லது சிசிடிவி செய்துகொண்டே இதையும் சேர்க்க நினைப்பவர்கள் என்று பலர் கேட்டதால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: கால் ரேட்டை விற்காதீர்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் "போன் பில் பாதியாகக் குறையும்" என்று சொல்லி விற்கச் சொல்வார்கள். அங்கே அது சரி. இங்கே 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு பேசுவதற்குத் தனியாகக் காசு என்பதே ஏறக்குறைய போய்விட்டது. நீங்கள் பில் குறையும் என்று ஆரம்பித்தால் கடைக்காரர் தன் ரீசார்ஜ் மெசேஜைக் காட்டி "இதுக்கு மேல என்னத்தைக் குறைப்பீங்க" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

அவருக்கு உண்மையில் காசு போகிற இடம் வேறு. எடுக்காத அழைப்பு ஒன்று. அதைவிடப் பெரியது, நம்பர் யாருடையது என்பது. திருப்பூரில் ஜிப், பட்டன், நூல் விற்கிற ஒரு கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்த சேல்ஸ்மேன் விலகிப் போய்ப் பக்கத்துத் தெருவில் சொந்தக் கடை போட்டுவிட்டார். கம்பெனிகள் எல்லாம் ஆர்டருக்கு அவருடைய சொந்த மொபைலுக்குத்தான் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். முதலாளி என்னிடம் சொன்னது: "ஆளு போனதுகூடப் பரவாயில்லைங்க, நம்பரும் கூடவே போயிருச்சுங்க." அவருக்கு இன்டர்நெட் போன் என்றால் என்ன என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை. நம்பர் கடை பெயரில் இருக்கும், யார் எடுத்தாலும் வெளியே கடை நம்பர்தான் தெரியும், ஆள் மாறினால் செட்டிங்கில் ஒரு வரி மாற்றினால் போதும் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார்.

சட்டம்: விற்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நம் ஊரில் இன்டர்நெட் போன் சட்டவிரோதம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணைய வழியாகச் சாதாரண மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் அழைப்பு வசதி கொடுக்கலாம் என்பதை 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை தெளிவாக்கியது. கால் சென்டர் மாதிரி இயங்கும் அலுவலகங்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 2020 நவம்பரில் போனது. 2021 ஜூனில் விதிகள் இன்னும் தளர்ந்தன. அழைப்புகளைப் பிரித்துக்கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி உங்கள் கட்டடத்துக்குள்ளேயேதான் இருக்க வேண்டும் என்ற கவலை இப்போது வேண்டாம்.

ஆனால் தாண்டக் கூடாத கோடு ஒன்று இருக்கிறது. லைனும் நம்பரும் உரிமம் உள்ள நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும், இடையில் யாரோ ஒருவர் குறைந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் விலகிவிடுங்கள். ஒரு பெட்டியில் முப்பது நாற்பது சிம் போட்டு வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தரும் சிம் பாக்ஸ் வேலை பச்சையான குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நமக்கு ஒரு சின்ன பெட்டிதானே" என்று இறங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, வாடிக்கையாளர் இந்த லைனை வைத்து விளம்பர அழைப்பு செய்யப் போகிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். விளம்பர அழைப்புக்கு முறையாகப் பதிவு செய்து 140-ல் தொடங்கும் நம்பரில்தான் கூப்பிட வேண்டும். பதிவு இல்லாமல் சிப் லைனிலோ (இணைய வழி லைன்) பிஆர்ஐ லைனிலோ (ஒரே கேபிளில் பல அழைப்பு வரும் பழைய வகை லைன்) விளம்பரம் செய்தால் அவருடைய எல்லா இணைப்பையும் துண்டித்து, இரண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகம் பட்டியல் வாங்கி நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும் என்று கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். லைன் போனால் என்னைத்தான் கேட்பார்கள்.

யாரிடம் போவது

போன் மணி அடிப்பதே வருமானம் என்கிற தொழில்களாகப் பாருங்கள். கிளினிக், ஸ்கேன் சென்டர், பல் ஆஸ்பத்திரி. ஏசி, ஆர்ஓ, பம்ப்செட், இன்வெர்ட்டர் சர்வீஸ். லாரி புக்கிங் அலுவலகம். அட்மிஷன் நேரத்துக் கல்லூரி, கோச்சிங் சென்டர். கேட்டரிங், மண்டபம். டிராவல்ஸ். இங்கே ஒரு அழைப்பு தவறினால் அந்த ஆள் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஏற்றுமதி கம்பெனி என்றால் பெரிதாக வாங்குவார்கள் என்று நினைத்து நானும் திருப்பூரில் நிறைய அலைந்தேன். சரக்கு வாங்கும் ஐந்தாறு பையர்களோடு மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பேசி முடித்துவிடுகிற கம்பெனிக்கு வெளி லைன் பெரிய விஷயமே இல்லை. அவர்களுக்குத் தேவை கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், ஸ்டோர் என்று உள்ளுக்குள் பேசிக்கொள்ள இன்டர்காம். அதை விற்கலாம், ஆனால் அது வேறு பேச்சு, வேறு கொட்டேஷன்.

பார்க்க வேண்டிய ஆள் முதலாளி. மேனேஜரிடம் ஆரம்பித்தால் ரெக்கார்டிங் என்ற வார்த்தை கேட்டதும் "சொல்றோம் சார்" என்று அனுப்பிவிடுவார். நேரமும் முக்கியம்: காலை பதினொன்றுக்குள் போகாதீர்கள், பூஜை போட்டு, ஆள் அனுப்பி, சரக்கு ஏற்றி அவர் அப்போதுதான் உட்காருவார். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல் நல்லது.

ஒரு வாரம் எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள், வியாபாரம் முடிவதோ இங்கேதான். விலை சொல்லாதீர்கள், டெமோவும் காட்டாதீர்கள். "ஒரு வாரம் எத்தனை கால் தவறுதுன்னு மட்டும் பாத்துக்கலாமுங்க, காசு வேண்டாம்" என்று கேளுங்கள்.

எண்ணுவது சுலபம். கடை மொபைல்களில் கால் ஹிஸ்டரியை யாரும் அழிக்காமல் இருந்தால் போதும். லேண்ட்லைன் என்றால் ஒரு வாரத்துக்கு உங்கள் டிரையல் கிளவுட் நம்பருக்கு (இணையத்தில் ஓடும் சோதனை நம்பர்) ஃபார்வர்டு போட்டு, அங்கிருந்து மறுபடி அவர்கள் மொபைலுக்கே மணி அடிக்க வையுங்கள், எல்லாமே பதிவாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் போய் முதலாளியோடு உட்கார்ந்து மூன்று எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை வந்தது, எத்தனை எடுக்கவில்லை, எடுக்காததில் எத்தனை பேருக்குத் திருப்பிக் கூப்பிடவே இல்லை.

சத்தி ரோட்டுக் கடையில் அப்படித்தான் உட்கார்ந்தோம். அந்த அக்கா ஒரு மொபைலைப் பார்த்து நம்பர் வாசிக்க, நான் எழுத, முதலாளி சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பிக் கூப்பிடாத நம்பர்கள் இரண்டு பக்கம் வந்துவிட்டன. ஒரு நம்பர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அன்னூர் பக்கம் ஒரு தோட்டக்காரர், வருஷத்துக்கு நாலைந்து மோட்டார் இந்தக் கடையிலேயே காயில் கட்டக் கொடுக்கிறவர், புதன்கிழமை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். முதலாளி அங்கேயே அவருக்குப் போன் போட்டார். மோட்டார் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தது. அதற்கப்புறம் நான் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. "சரி, என்ன பண்ணலாம் சொல்லுங்க தம்பி" என்றார்.

எந்தச் சரக்கு எந்தக் கடைக்கு

மூன்று வகை இருக்கிறது. எதில் கமிஷன் அதிகம் என்று பார்த்து விற்றால் ஆறே மாதத்தில் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார்.

மூன்று நாலு பேர் இருக்கும் கடைக்குக் கிளவுட் டெலிபோனி போதும். கடைக்கு ஒரு நம்பர், அதற்கு வரும் அழைப்பு ஆட்களின் சாதாரண மொபைலில் மணி அடிக்கும், தவறினால் முதலாளிக்குத் தகவல் போகும், பேச்சு பதிவாகும். கடையில் இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் ஓடும் என்பது இதில் பெரிய வசதி. எக்ஸோடெல், ஓசோனெடெல், மைஆபரேட்டர், நாலரிட்டி, ஏர்டெல், டாடா டெலி என்று பலர் தருகிறார்கள், ஜோஹோவும் வாய்ஸ் என்று வைத்திருக்கிறது. பேச்சு நிமிடத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே அழைப்புக்கு வாடிக்கையாளர் பக்கம் ஒரு லைன், உங்கள் ஆள் பக்கம் ஒரு லைன் என்று இரண்டு பக்கமும் நிமிடம் ஓடும் பிளான்கள் உண்டு.

பதினைந்து இருபது மேஜைகள், நாலைந்து அறைகள், மேஜைக்கு மேஜை மாற்றிவிட வேண்டும் என்றால் ஐபி பிபிஎக்ஸ், அதாவது நெட்வொர்க் ஒயரில் ஓடும் அலுவலக எக்ஸ்சேஞ்ச். பெட்டியாகவும் வாங்கலாம், ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் போட்டும் ஓட்டலாம். ஆஸ்டெரிஸ்கை 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதி இலவசமாக விட்டதால்தான் நம் மாதிரி சின்ன ஆட்கள் இந்தத் தொழிலுக்குள் வரவே முடிந்தது. போன்களுக்கு யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், ஃபேன்வில், பெட்டிக்கு நம் வதோதராவின் மேட்ரிக்ஸ் எல்லாம் இங்கே சுலபமாகக் கிடைக்கும்.

மூன்றாவது கலவை, பழைய லேண்ட்லைனையும் சேர்த்துக்கொள்வது. நம் ஊரில் இதுதான் அதிகம் ஓடும், காரணம் ஒன்றுதான். மொபைல் நம்பரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற மாதிரி லேண்ட்லைன் நம்பரை இந்தியாவில் மாற்ற முடியாது. 0422 என்று தொடங்கும் அந்தக் கோவை நம்பர் கடைப் பலகையில் இருக்கும், பில் புக்கில், டெம்போவின் பின்கதவில், இருபது வருஷ மஞ்சள் பையில் இருக்கும். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவே கூடாது. செம்புக் கம்பி லைனாக இருந்தால் எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லேண்ட்லைனை பிபிஎக்ஸோடு இணைக்கும் பெட்டி) ஒன்றில் சொருகி பிபிஎக்ஸுக்குள் கொண்டுவாருங்கள். ஃபைபருக்கு மாறியிருந்தால் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் போன் துளையிலிருந்து அதே கேட்வேக்கு ஒரு ஒயர். அதுவும் வேண்டாமென்றால் புது நம்பருக்கு கால் ஃபார்வர்டு.

இடத்தைப் பாருங்கள்

கையெழுத்து வாங்கும் முன்னே இதைச் செய்யுங்கள். போட்ட பிறகு குரல் உடைகிறது என்று கூப்பிட்டால், கேபிள் தப்போ ரவுட்டர் தப்போ, பெயர் கெடுவது உங்களுக்குத்தான்.

இன்டர்நெட் வேகம் பிரச்சினையே இல்லை, ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு முறை) ஒரு அழைப்புக்குச் சுமார் 90 கிலோபிட்தான் ஒவ்வொரு திசையிலும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. பிரச்சினை எல்லாம் சீராக வருகிறதா என்பதில்தான். குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துக் குழம்புவார்கள். நான் கடையின் பரபரப்பான நேரத்தில் அரை மணி நேரம் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கும் சோதனை) ஓட விடுவேன். நல்ல ஃபைபரில் சென்னை, மும்பை சர்வருக்கு 50 மில்லிசெகண்டுக்குள் நின்றால், அனுப்பும் டேட்டாத் துண்டுகளில் நூற்றுக்கு ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் இருந்தால் சரி.

காலையில் நன்றாக இருந்து மதியம் உடைந்தால் முதலில் சிசிடிவியைப் பாருங்கள். ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கேமரா பெட்டி வீடியோவைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது, அப்லோடு முழுவதையும் அதுவே தின்றுவிட்டது. போனுக்குத் தனி விஎல்ஏஎன் (அதே ஒயரில் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்), ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை, அவ்வளவுதான் வேலை.

அப்புறம் கரண்ட். மாதம் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் வரை வராது. பழைய லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்ச் கரண்டிலேயே ஓடும், அதனால் யாருக்கும் இதைப் பற்றி யோசித்தே பழக்கமில்லை. ஓஎன்டி, ரவுட்டர், ஸ்விட்ச், பிபிஎக்ஸ் நாலும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பிஓஇ ஸ்விட்ச் வாங்கச் சொல்லுங்கள், போன்களுக்கும் அதே ஒயரில் கரண்ட் போய்விடும், மேஜைக்கு மேஜை அடாப்டர் சொருக வேண்டாம். நெட் போனால் என்ன செய்வது என்று அவர் கேட்பதற்கு முன்னே நீங்கள் சொல்லிவிடுங்கள்: இரண்டாவது நெட் லைன் ஒன்று, அதுவும் போனால் அழைப்பு தானாக இரண்டு மொபைலுக்குப் போகும்படி ஃபார்வர்டு.

அழைப்பு எப்படிப் போகும் என்பதைத் தாளில் வரையுங்கள்

கடையிலேயே, முதலாளியும் போன் எடுக்கிறவரும் பக்கத்தில் இருக்கும்போது வரையுங்கள். போன் எடுக்கும் ஆளுக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாது. யார் எந்த நேரம் சாப்பிடப் போகிறார், மாதக் கடைசியில் யாருக்கு அதிகம் வருகிறது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

ஐவிஆரில், அதாவது பட்டன் அழுத்தச் சொல்லும் குரலில், அதிகம் ஆசைப்படாதீர்கள். "தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு" என்று தொடங்கி ஏழு பட்டன் வைத்தால் தோட்டத்தில் நின்றுகொண்டு கூப்பிடுகிறவர் கட் செய்துவிடுவார். புதிய புகார் என்றால் ஒன்று, மற்றவைக்கு இரண்டு, எதையும் அழுத்தாவிட்டால் தானாக ஆளிடம் போகட்டும். குரல் மெஷின் குரலாக வேண்டாம், கடை ஆள் யாராவது பேசட்டும். அந்தப் பம்ப்செட் கடையில் அந்த அக்காவையே பேசச் சொன்னேன், வெட்கப்பட்டு நாலு தடவை சிரித்து ஐந்தாவது தடவை நன்றாக வந்தது. "வணக்கமுங்க" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரலைக் கேட்டுப் பழைய வாடிக்கையாளர்கள் ரெக்கார்டிங் என்றே தெரியாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மணி அடிக்கும் வரிசையைப் பொறுத்தவரை, முதலில் ஒருவருக்கு நாலு தடவை மணி அடிக்கட்டும், எடுக்காவிட்டால் எல்லோருக்கும் சேர்ந்து, அதுவும் இல்லையென்றால் முதலாளிக்கு மெசேஜ். முன்பு பேசிய ஆளிடமே திரும்பிப் போகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், சர்வீஸ் தொழிலில் அது ரொம்ப உதவும். கடை மூடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் என்ன நடக்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.

டெமோ

ஸ்லைடு காட்டாதீர்கள். டிரையல் நம்பரில் அவருடைய கடைப் பெயர் சொல்லும்படி முந்தின நாளே செய்துவைத்து, அவருடைய மொபைலிலிருந்தே கூப்பிடச் சொல்லுங்கள். தன் கடைப் பெயரைத் தானே போனில் கேட்கும்போது அவர் முகம் மாறும். அப்புறம் ஒருமுறை யாரும் எடுக்காமல் விடுங்கள். பத்து வினாடியில் "இந்த நம்பர் கூப்பிட்டது, யாரும் எடுக்கவில்லை" என்று அவர் கைக்கே மெசேஜ் வரட்டும். நீங்கள் எண்ணிய அந்த ஒரு வாரத் தாளை மறுபடி மேஜையில் வைத்துவிட்டு அமைதியாக இருங்கள். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் வாய் ஓயாமல் பேசிக் கெடுக்கிறார்கள்.

கொட்டேஷன்

ஒரே பக்கம். ஒருமுறை செலவு தனி, மாதச் செலவு தனி, பராமரிப்பு தனி. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதைத் தனி வரியாகப் போட்டு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள், பலருக்கு அது தெரிவதில்லை. சாதாரண ஐபி போன் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் கிடைக்கும், எல்லா மேஜைக்கும் வேண்டாம். நடமாடும் ஆட்களுக்கு மொபைல் ஆப் போதும், ஆனால் ஆண்ட்ராய்டில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் செட்டிங்கை அந்த ஆப்புக்கு மட்டும் நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் திரை அணைந்ததும் மணி அடிக்காது.

எக்ஸ்டென்ஷன் (உள்ளே இருக்கும் போன்) எண்ணிக்கையும் சேனல் (ஒரே நேரத்தில் வெளியே பேசும் லைன்) எண்ணிக்கையும் வேறு என்பதை விளக்குங்கள். இருபது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவது ஐந்தாறு பேர்தான், இருபது சேனல் விற்காதீர்கள். 1800 நம்பரும் அப்படித்தான், அதில் கூப்பிடுகிறவருக்கு இலவசம், நிமிடக் காசு கடைக்காரருடையது. மொபைலில் எல்லோரும் அளவில்லாமல் பேசும் காலத்தில் உள்ளூர்க் கடைக்கு அதனால் பயன் இல்லை.

சாமான் விலையை முழுதாக அட்வான்ஸ் வாங்குங்கள். "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்பதை அன்போடு மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நம்பர், அக்கவுன்ட், அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய ஜிஎஸ்டி சான்றிதழும் பான் கார்டும் கொடுத்து, அவர் மெயில் ஐடியில் எடுங்கள். டீலர் பெயரில் எடுத்துவைத்துக்கொண்டு பிடியைக் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு. சேல்ஸ்மேனோடு நம்பர் போய்விட்டது என்று வருந்தியவரிடம் விற்றுவிட்டு, அதே நம்பரை நாமே கைப்பற்றி வைத்துக்கொள்வது பெரிய துரோகம்.

அவர்கள் கேட்பது, நீங்கள் சொல்வது

"வாட்ஸ்அப் இருக்குதேங்க" என்பார்கள். இருக்கட்டும், நிறுத்தச் சொல்லாதீர்கள். போன் போட்டு எடுக்காத பிறகுதான் பாதிப் பேர் வாட்ஸ்அப்புக்கு வருகிறார்கள், மீதிப் பேர் வேறு கடைக்குப் போகிறார்கள்.

ரெக்கார்டிங் பேச்சு கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டியது. முதலாளிக்கு இதில் ஆசை வரும், ஆட்களுக்குப் பயம் வரும். ஆட்களுக்குத் தெரியாமல் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூப்பிடுகிறவருக்கும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று தொடக்கத்திலேயே சொல்லும்படி வையுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, கிளினிக் மாதிரி இடங்களில் நோயாளியின் பேச்சு யார் கைக்குப் போகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது விளையாட்டு விஷயம் இல்லை. ஆட்களிடம் நான் சொல்வது இதுதான்: வாடிக்கையாளர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சண்டைக்கு வந்தால் உங்கள் பக்கம் சாட்சி இருக்கும். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அவர்களே ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று கேட்பார்கள்.

போடும் நாள்

திங்கட்கிழமையும் மாத முதல் வாரமும் வேண்டாம். பழைய லைனைப் பிடுங்காமல் இரண்டு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

பெட்டியில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றுகூட விடக்கூடாது. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற செட்டிங்கை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது, சரியாக முப்பது வினாடி தாண்டியதும் அழைப்பு துண்டாவது, இரண்டுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும், அதை டயல் பிளானிலேயே தானாகச் சேரும்படி செய்துவிடுங்கள். ஐஎஸ்டியைப் பூட்டிவிடுங்கள், வேண்டுமென்று எழுதிக் கேட்டால் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் 101-க்கு பாஸ்வேர்டு 101 என்று வைத்துவிட்டு வந்தால், சனிக்கிழமை ராத்திரி யாராவது உள்ளே புகுந்து திங்கள் காலைக்குள் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள், அந்தப் பில்லைக் கடைக்காரர்தான் கட்ட வேண்டும். நீளமான பாஸ்வேர்டு, சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்கக் கூடாது, தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓட வேண்டும்.

பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும். எடுப்பது, ஹோல்டு, மாற்றிவிடுவது, மூன்றே மூன்று. ஒவ்வொருவரையும் தன் கையால் இரண்டு தடவை மாற்றிவிடச் சொல்லுங்கள், நீங்கள் செய்து காட்டினால் மறந்துவிடுவார்கள். எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு போனுக்குக் கீழேயும் ஒட்டுங்கள்.

அதற்கப்புறம்

ஏழாம் நாள் கூப்பிடாமலேயே போங்கள். ஏதாவது ஒரு போன் ஓரமாகத் தூக்கி வைக்கப்பட்டிருக்கும், ஏன் என்று அந்த ஆளிடம் கேளுங்கள், பெரும்பாலும் ரிங் சத்தம் அல்லது மேஜையில் இடமில்லாத மாதிரி சின்ன காரணம்தான் இருக்கும்.

முப்பதாம் நாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், அதே மூன்று எண்களை, முன்பு எழுதிய அதே தாளிலேயே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சத்தி ரோட்டில் அப்படிக் காட்டியபோது திருப்பிக் கூப்பிடாதவர்கள் என்ற வரியில் இரண்டு நம்பர்கள்தான் மிச்சம். அக்கா அந்த இரண்டையும் தன் லாங் சைஸ் நோட்டில் குறித்துக்கொண்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேரிடமும் பேசி முடித்துவிட்டார். முதலாளி, எதிர்ச்சாரியில் பேரிங் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டு, "தம்பி ஒருத்தரு வருவாரு, ஒரு வாரம் எண்ணிப் பாக்கச் சொல்லுவாரு, மறுக்காம உடு மாப்ளே" என்றார்.